வீடு பார்க்குமுன் முகவரைப் பாருங்கள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இன்று நம்மில் பெரும்பாலோர் வீட்டைக் கட்டுவதில்லை, வாங்குகிறோம். கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தில் விசாரிக்கிறோம், மூன்று தலைமுறையைத் துருவுகிறோம். ஆனால், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டைக் காட்ட வருபவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "நம்மாளுதான், கோயில்ல பார்த்திருக்கேன்" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு வீட்டு முகவரைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. என்னைப் போலத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்த பலரின் வீட்டில் மலாய், ஆங்கிலப் பத்திரங்களை முழுதாகப் படிக்கக் கூடியவர் நாம் ஒருவராகத்தான் இருப்போம். தண்ணீர்க் கட்டணத்திலிருந்து வங்கிக் கடிதம் வரை "இதுல என்ன எழுதியிருக்கு பாரு" என்று நம்மிடமே நீட்டுவார்கள். ஒருநாள் வீட்டு ஒப்பந்தத்தையும் நீட்டுவார்கள். முன்னாள் மாணவர்களோ தங்கள் முதல் வீட்டைத் தேடும் வயதில் இருக்கிறார்கள். ஆகவே, இது நம் அனைவரின் பாடம்.

மறுவிற்பனை வீடுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால், 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட ஒப்பந்தப் படிவம் உண்டு. அதை மேம்பாட்டாளர் இஷ்டத்திற்கு மாற்ற முடியாது. ஒருவர் குடியிருந்த வீட்டை இன்னொருவர் வாங்கும்போது அப்படிப்பட்ட படிவம் எதுவுமில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொள்வதே ஒப்பந்தம். அதனால்தான் நடுவில் நிற்பவர் யார் என்பது முக்கியமாகிறது.

முகவர் என்பவர் யார்?

மலேசியாவில் சொத்துடைமை முகவர் தொழிலை ஒழுங்குபடுத்துவது 1981ஆம் ஆண்டின் 242ஆவது சட்டம். அதைச் செயல்படுத்த நிதி அமைச்சின் கீழ் ஒரு வாரியம் இயங்குகிறது. மலாய்ச் சுருக்கப் பெயரில் அதனை எல்பிபிஇஎச் என்பர். இந்த வாரியத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே முகவராகத் தொழில் செய்யலாம். பதிவில்லாமல் செய்தால் 300,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நடைமுறையில் நாம் இரு வகையினரைச் சந்திப்போம். தேர்வு எழுதி, பயிற்சிக் காலத்தை முடித்து, முகவராகவே பதிவு பெற்றவர் முதல் வகை. அவருடைய நிறுவனத்தின் கீழ் வேலை செய்யும் விற்பனையாளர் இரண்டாம் வகை. இவர்களைத்தான் எல்லாரும் "ரென்" என்கிறோம். வீட்டைக் காட்ட வருபவர் பெரும்பாலும் இவரே. இரண்டு நாள் பயிற்சியை முடித்து, ஒரு நிறுவனத்தின் பெயரில் வாரியத்திடம் எண் பெற்ற பிறகே அவர் தொழில் செய்ய முடியும். 2014 முதல் இவர்களுக்கு எண்ணும் சிவப்பு அட்டையும் வழங்கப்படுகின்றன. அட்டையில் பெயர், படம், எண், நிறுவனத்தின் பெயர் ஆகியவை இருக்கும். எண்ணை வாரியத்தின் அகப்பக்கத்தில் தட்டினால் ஆள் உண்மையா, எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பது தெரிந்துவிடும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இந்த எண் ஒருவரை நல்லவராக்கிவிடாது. ஆனால், ஏதேனும் தவறு நடந்தால் புகார் செய்ய ஓர் இடத்தைத் தருகிறது. எண் இல்லாத தரகரிடம் பணம் போனால் நாம் போக வேண்டிய இடம் காவல் நிலையம்தான். அங்கும் நம் கையில் ரசீது இருக்க வேண்டும்.

அவர் யாருக்காக வேலை செய்கிறார்?

நம் மக்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வீட்டைக் காட்டுபவர் நம்மைக் காரில் ஏற்றிச் செல்கிறார், தேத்தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறார், அப்பாவை "அங்கிள்" என்கிறார். அதனால் அவர் நம் முகவர் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அவர் வீட்டை விற்பவரின் முகவர். அவரை நியமித்ததும் சம்பளம் கொடுப்பதும் விற்பவரே. சட்ட விதிகளின்படி விற்பனைத் தரகு விலையில் 3 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. சேவை வரி தனி. 480,000 ரிங்கிட் வீட்டுக்கு 3 விழுக்காடு என்றால் 14,400 ரிங்கிட். விலை உயர்ந்தால் தரகும் உயரும்.

இதில் தவறு ஒன்றுமில்லை. அவர் பொய் சொல்லக்கூடாதே தவிர, நமக்காகப் பேரம் பேச வேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஆகவே, "எங்களால் 500,000 வரை முடியும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, 470,000-க்குக் கேட்டுப் பாருங்கள் என்றால், அவர் எந்த எண்ணை விற்பவரிடம் கொண்டுபோவார்? நம்முடைய உச்ச வரம்பு நம் வீட்டோடு இருக்க வேண்டும். அதே காரணத்தால், வாங்குபவரிடமும் "கமிஷன்" கேட்பவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒரே விற்பனையில் இரு பக்கமும் கை நீட்டுவது முறையல்ல.

உள்ளூர்க்காரராக இருப்பதன் பயன்

சட்டப்படி பதிவு பெற்ற முகவர் நாட்டில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது? நகர மையத்து அடுக்குமாடி என்றால் யாரும் காட்டலாம். ஒரு மாடிக்கும் இன்னொரு மாடிக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. கிள்ளான் போன்ற புறநகர்த் தாமான்களின் கதை வேறு. ஒரே தாமானில் மூன்றாவது லோரோங் மழைக்குத் தாங்கும். ஏழாவது லோரோங்கில் கால்வாய் நிரம்பி வழியும். ஒரு பக்கம் துறைமுக லோரிகளின் ஓசை இரவெல்லாம் கேட்கும். மறுபக்கம் அமைதியாக இருக்கும்.

2021 டிசம்பர் 18ஆம் நாளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கிள்ளானை ஒட்டிய ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தரைத்தளங்கள் மூழ்கின. மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தனர். அதன்பிறகு பல வீடுகளுக்குப் புதுச் சாயம் பூசப்பட்டது. தரை ஓடுகள் மாற்றப்பட்டன. சாயம் பூசிய சுவர் எதையும் சொல்லாது. அந்த வட்டாரத்திலேயே பல ஆண்டு தொழில் செய்யும் முகவருக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பது தெரியும். வெளியூரிலிருந்து வருபவருக்குத் தெரியாது. தெரியாததை அவரிடம் கேட்டுப் பயனில்லை.

போக்குவரத்தும் அப்படித்தான். பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் ஜொகான் செத்தியா வரையிலான எல்ஆர்டி தடம் அறிவிக்கப்பட்ட நாள் முதல் "நிலையம் பக்கத்தில்தான்" என்பது விளம்பர வாசகமாகிவிட்டது. முதலில் சொன்ன ஆண்டைக் கடந்து அத்திட்டம் பல ஆண்டுகள் இழுத்தது. பக்கம் என்றால் எத்தனை நிமிட நடை, இடையில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமா என்று கேட்டால், உள்ளூர் முகவர் உடனே சொல்வார்.

நம் வீடுகளில் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு: தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம்? பள்ளிப் பேருந்து அந்தத் தெருவுக்குள் வருமா? இதற்கு விடை தெரிந்த முகவர் அந்த வட்டாரத்துக் குடும்பங்களை அறிந்தவர் என்று கொள்ளலாம்.

மூன்று முகவர்கள்

2023-இல் எங்கள் குடும்பம் தெற்குக் கிள்ளானில் வீடு தேடியது. அப்பா லோரி ஓட்டுநர். அம்மா தொழிற்சாலையில் வேலை. பதினெட்டு ஆண்டு வாடகை வீட்டு வாழ்க்கைக்குப் பிறகு, இருவரின் ஊழியர் சேமநிதியிலும் எடுக்கக்கூடியதை எடுத்து முன்பணம் கட்டுவதாகத் திட்டம். அந்த ஆறு மாதங்களில் மூன்று முகவர்களைச் சந்தித்தோம்.

முதலாமவர் கோயில் திருவிழாவில் அப்பாவுக்குப் பழக்கமானவர். நல்ல தமிழில் பேசினார். வீட்டைக் காட்டிய அன்றே, "அண்ணே, இன்னும் ரெண்டு பேர் பார்த்துட்டுப் போயிருக்காங்க. மூவாயிரம் வெள்ளி கையில குடுங்க, நான் பிடிச்சு வைக்கிறேன்" என்றார். எண்ணைக் கேட்கலாம் என்று நான் சொன்னபோது, "பழகின மனுஷன்கிட்ட அதை எப்படிப்பா கேட்கிறது?" என்று அப்பா தயங்கினார். அம்மாதான் கேட்டார்: "தம்பி, உங்க கார்டு ஒன்னு குடுங்க. பையன் லோனுக்கு எழுதணுமாம்." அட்டை பிறகு அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவில்லை. கோயிலில் பார்த்தாலும் பேசுவதில்லை.

இரண்டாமவர் எண் உள்ளவர், பெரிய நிறுவனம். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்தார். மரியாதையானவர். ஆனால், வீட்டைக் கண்டுபிடிக்க எங்களைப் போலவே கைத்தொலைபேசி வரைபடத்தைப் பார்த்தார். மழை பெய்தால் எப்படி என்று கேட்டதற்கு, "பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன்" என்றார்.

மூன்றாமவர் ஐம்பது வயது சீன மாது. அதே தாமானில் இருபது ஆண்டுக்கு மேல் குடியிருப்பவர். நாங்கள் கேட்குமுன்னே கழுத்திலிருந்த அட்டையைக் காட்டினார். "நான் விற்பவரின் முகவர். விலை பேச வேண்டுமானால் நீங்கள் எழுதிக் கொடுங்கள், நான் கொண்டுபோகிறேன்" என்று மலாயில் அப்பாவிடம் சொன்னார். பிறகு, "பெருமழை பெய்த மறுநாள் வந்து பின்சந்தைப் பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் பேசலாம்" என்றார். பின்சந்தில் தண்ணீர் தேங்கத்தான் செய்தது. மதியத்திற்குள் வடிந்தும் விட்டது. தெரிந்தே அந்த வீட்டை வாங்கினோம்.

இதனால் நம்மவர் கூடாது என்றோ மற்றவர் உயர்ந்தவர் என்றோ நான் சொல்ல வரவில்லை. பதிவு பெற்ற, திறமையான தமிழ் முகவர்கள் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் இருக்கிறார்கள். தமிழிலேயே விளக்கும் ஒருவர் கிடைத்தால் நம் பெற்றோருக்கு அது பெரிய உதவி. ஆனால், நம்மாள் என்பது எண்ணுக்கும் ரசீதுக்கும் மாற்றாகாது. நேர்மையாகத் தொழில் செய்யும் நம்மவரும் அதைக் கேட்டால் கோபிக்க மாட்டார்.

பணம் எங்கே போகிறது?

வீடு பிடித்துவிட்டால், வாங்க விரும்புவதாக ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டு, விலையில் 2 அல்லது 3 விழுக்காட்டை முன்வைப்பாகக் கட்டுவது வழக்கம். பிறகு இரண்டு வாரம் போன்ற குறுகிய காலத்தில் விற்பனை ஒப்பந்தம், அதாவது எஸ் அண்ட் பி, கையெழுத்தாகும். அப்போது மொத்தம் 10 விழுக்காடு ஆகும்படி மீதியைக் கட்ட வேண்டும். 480,000 ரிங்கிட் வீடு என்றால் முதலில் 9,600, பிறகு 38,400. மிச்சத்தை வங்கி தரும்.

அந்த முதல் தொகையை முகவரின் சொந்தக் கணக்கில் போடக்கூடாது. ரொக்கமாகவும் கொடுக்கக்கூடாது. பதிவு பெற்ற நிறுவனம் வாடிக்கையாளர் பணத்திற்கென்று தனிக் கணக்கு வைத்திருக்க வேண்டும்; பணம் அதில் போய், நிறுவனத்தின் ரசீது நம் கைக்கு வர வேண்டும். "என் கணக்கில் போடுங்கள், நான் மாற்றிவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

கையெழுத்திடும் முன் அக்கடிதத்தில் ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள்: வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்வைப்பு திரும்பக் கிடைக்குமா? அது எழுதப்படவில்லை என்றால் எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் வழக்கமாகத் திருப்பித் தருவார்கள்" என்ற வாய்மொழி நமக்கு உதவாது.

இன்னொரு கணக்கும் உண்டு. வங்கி விலையைப் பார்த்து மட்டும் கடன் தருவதில்லை. விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைப் பார்க்கும். 480,000-க்கு ஒப்புக்கொண்ட வீட்டை வங்கியின் மதிப்பீட்டாளர் 450,000 என்றால், 90 விழுக்காட்டுக் கடன் 432,000-லிருந்து 405,000-க்கு இறங்கும். நாம் கையிலிருந்து போட வேண்டியது 48,000 அல்ல, 75,000. உள்ளூர் நிலவரம் தெரிந்த முகவர், கையெழுத்துக்கு முன்பே வங்கியிடம் உத்தேச மதிப்பைக் கேட்டுச் சொல்வார். அதற்கு மாறாக, ஒப்பந்தத்தில் விலையை ஏற்றிக் காட்டி அதிகக் கடன் வாங்கித் தருகிறேன் என்பவரும் உண்டு. அது வங்கியிடம் பொய் சொல்வது. கையெழுத்து அவருடையது அல்ல, நம் அப்பாவுடையது.

கிராண்டில் என்ன எழுதியிருக்கிறது?

நம் பெரியவர்கள் கிராண்ட் என்று சொல்லும் நில உரிமைப் பத்திரத்தின் நகலை முன்வைப்பு கட்டும் முன்பே கேளுங்கள். நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? பெயர் மாற்றத்திற்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா? வேண்டும் என்றால் மாதக்கணக்கில் தாமதமாகலாம். மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை நம்மால் வாங்க முடியாது. பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீட்டைத் தகுந்த அனுமதியின்றி நம் பெயருக்கு மாற்ற முடியாது. இவற்றை வீடு காட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டியது முகவரின் வேலை. சொல்லாதவர் நம் நேரத்தையும் பணத்தையும் மதிக்காதவர். அவர் சொன்னாலும் நம் வழக்கறிஞர் நில அலுவலகத்தில் தேடிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்த வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கே உண்டு. முகவர் சொல்பவரைத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை.

பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். கிள்ளானில் முன்பு நகராண்மைக் கழகமாக இருந்தது 2024-இல் மாநகர் மன்றமாக உயர்ந்தது. பழைய அனுமதிக் கடிதங்களில் பழைய பெயரே இருக்கும்.

வாடகைக்குத் தேடுவோருக்கு

படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் நம்மில் பலருக்கு வீடு வாங்குவதற்கு முன் வாடகை வீடுதான். தொலைபேசியில் முதல் கேள்வியே "நீங்கள் என்ன இனம்?" என்று வருவதை நம் மூத்த மாணவர்கள் பலர் அனுபவித்திருக்கிறார்கள். அரைநாள் விடுப்பு எடுத்துப் போய்ப் பார்த்தபின், "உரிமையாளர் இந்தியர் வேண்டாம் என்கிறார்" என்று கேட்பது அதைவிடக் கசப்பு. அதனால், பார்க்கப் போகுமுன்பே முகவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். தன் வட்டாரத்து உரிமையாளர்களை நன்கு அறிந்த முகவர், நம் வேலைக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் நமக்காக ஒரு வார்த்தை பேசக்கூடியவர். அப்படிப் பேசியவரை மறக்காமல் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.

வாடகை ஒப்பந்தம் மூன்றாண்டு வரை என்றால் விதிகளின்படி முகவரின் கட்டணம் ஒன்றேகால் மாத வாடகை. அதனை அவரை நியமித்த உரிமையாளர் கொடுப்பார். நம்மிடம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. உங்கள் எண் என்ன, எந்த நிறுவனம்?

2. நீங்கள் யாருடைய முகவர், தரகை யார் கொடுக்கிறார்?

3. கடந்த ஓராண்டில் இந்தத் தாமானில் எத்தனை வீடு விற்றீர்கள், என்ன விலைக்கு? கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு.

4. இந்த வீட்டில், இந்தத் தெருவில் உள்ள குறை என்ன? குறையே இல்லை என்பவரை அடுத்த வாரம் பார்க்க வேண்டியதில்லை.

5. முன்வைப்பு யார் கணக்கில் போகிறது, எப்போது திரும்பக் கிடைக்கும்?

வீட்டை விற்பவரும் மூன்றாம் கேள்வியைக் கேட்கலாம். வீட்டைத் தன் கைக்கு வாங்குவதற்காகவே எட்டாத விலையைச் சொல்லும் முகவர்கள் உண்டு. ஆறு மாதம் விளம்பரப் பலகை தொங்கிய பிறகு அவரே விலையைக் குறைக்கச் சொல்வார். அக்கம்பக்கத்தில் நடந்த விற்பனைகளைக் காட்டி, கொஞ்சம் குறைவான விலையைச் சொல்பவரே பல வேளைகளில் விரைவாக விற்றுத் தருகிறார்.

நண்பர்களே, இந்த ஐந்து கேள்விகளும் மரியாதைக் குறைவானவை அல்ல. நம் பெற்றோர் அவற்றைக் கேட்கக் கூச்சப்படலாம். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கேள்வி கேட்காமல் உழைத்துப் பழகிய தலைமுறை அது. அவர்கள் கூச்சப்படுவதை நாம் கேட்கலாம். "அங்கிள், ஆண்ட்டி, கோபிக்காதீர்கள், பத்திரத்திற்காகக் கேட்கிறேன்" என்று தொடங்கினால் போதும். இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, வீடு வாங்கும் எண்ணம் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். முன்பணம் கட்டிய பிறகு படித்துக் காட்டி என்ன பயன்?